நெருங்கிய சொந்தத்தோடு மட்டும் மலையில் கல்யாணம்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி இதுதான்: மண்டபம், ஆயிரம் பேர், மேடையில் நீள வரிசை எதுவும் வேண்டாம். அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி மட்டும் இருக்க, மலையில் திறந்த வெளியில் தாலி கட்டவேண்டும். வடசென்னைக் குடும்பத்துக்கு இது சாத்தியமா, எப்படித் திட்டமிடுவது?

சாத்தியம்தான். ஆனால் இடம் பார்ப்பதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். உங்கள் வீட்டில் யாருக்கு முட்டி வலி, யாருக்கு மூச்சிரைப்பு, அவரிடமிருந்து ஆரம்பியுங்கள். நாங்கள் வியாசர்பாடி, மாப்பிள்ளை வீடு தண்டையார்பேட்டை. என் தங்கச்சிக்கு ஏலகிரியில் இப்படித்தான் நடத்தினோம். பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசை என்னவோ ஊட்டிமேல்தான். "என்னைத் தூக்கினு போற மாதிரி இடம்னா நான் வரலப்பா, நீங்களே பாத்துக்கோங்க" என்று ஆயா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். ஆயா இல்லாமல் தாலி எடுத்துக் கொடுக்க ஆள் ஏது? ஊட்டி அதோடு போயிற்று.

அதில் எனக்கு வருத்தமில்லை. ஊட்டி, கொடைக்கானல் இரண்டுமே இரண்டாயிரம் மீட்டருக்கு மேல். இங்கிருந்து ராத்திரி முழுக்கப் பயணம். 2024 மே 7-லிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வேறு. ஏலகிரி சுமார் 1,100 மீட்டர்தான், கொண்டை ஊசி வளைவு 14. அடிவாரத்துக்குப் பக்கத்திலேயே ஜோலார்பேட்டை ஜங்ஷன். சென்ட்ரலில் காலையில் கோவை எக்ஸ்பிரஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மலைமேல் இருக்கலாம். ஏற்காடு இன்னும் கொஞ்சம் குளிர், சுமார் 1,500 மீட்டர், 20 வளைவு. சேலம் வரை ரயில். அதுவும் நல்ல இடம்தான். கொல்லிமலைக்கு 70 வளைவு, வயசானவர்களை வைத்துக்கொண்டு யோசிக்கவே வேண்டாம். நம்ம ஏரியா பசங்களைக் கேட்டால் "தடா பக்கத்துலதான மச்சி, நாகலாபுரம் இருக்கே" என்பார்கள். இரண்டும் ஆந்திரா பக்கம். அங்கெல்லாம் காட்டுக்குள் கல்லிலும் தண்ணீரிலும் நடந்து போகவேண்டும். பட்டுப்புடவையோடு அத்தை அங்கே போவதை நினைத்துப் பாருங்கள்.

காடு என்றதும் ஒன்று. மலையில் பார்க்க அழகாக இருக்கிற மேடு, பாறை, சரிவு எல்லாம் பெரும்பாலும் காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்கக்கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள், அதற்குப் பிறகு கெடுபிடி அதிகம். "யாரும் பாக்கமாட்டாங்க சார்" என்று சொல்லும் லோக்கல் ஆளை நம்பி விளக்கும் ஊதுபத்தியுமாகக் காட்டுக்குள் போகாதீர்கள். தனியார் விடுதியின் புல்வெளி, காபித் தோட்டம், தெரிந்தவர் நிலம், இதில் ஒன்றைப் பிடியுங்கள். பேசும்போது வியூ எப்படி என்று கேட்காதீர்கள், அதைத்தான் போட்டோவிலேயே காட்டிவிடுகிறார்களே. வண்டி எதுவரை வரும், வெஸ்டர்ன் டாய்லெட் எவ்வளவு தூரம், மழை வந்தால் எல்லோரும் ஒதுங்கக் கூரை எங்கே, இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் இழுத்தால் வேறு இடம்.

மாதம் தையோ மாசியோ வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் வந்தால் மலைப்பாதையே மூடிவிடும். 2024-ல் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு பாதையில் மண் சரிந்தது. மே மாதம் கோடை விழாக் கூட்டம். சனி ஞாயிறு முகூர்த்தம் ஏலகிரிக்கு ஆகாது, பெங்களூர்க்காரர்கள் வந்து நிரம்பிவிடுவார்கள். புதன், வியாழனில் முகூர்த்தம் கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி உண்மையான கஷ்டம். இடமும் தேதியும் ஒரு வாரத்தில் முடிந்துவிடும், ஆள் கணக்குதான் முடியாது. "நெருங்கிய சொந்தம் மட்டும்" என்று சொல்லிப் பாருங்கள், எல்லாரும் நெருங்கிய சொந்தம்தான். பெரியப்பாவைக் கூப்பிட்டால் அவர் சம்பந்தி, சம்பந்தியைக் கூப்பிட்டால் அவர் மச்சினன். நாங்கள் செய்தது இது: ஜோலார்பேட்டையிலிருந்து மேலே போக ஒரு டெம்போ டிராவலர், ஒரு கார். அதில் எத்தனை சீட்டோ அத்தனை பேர், இரண்டு வீட்டுக்கும் சரிபாதி. "உங்களைக் கூப்பிடலை" என்றால் சண்டை வரும். "வண்டியில சீட்டு இல்ல பெரிம்மா" என்றால் கோபம் வந்தாலும் வாதாட ஒன்றுமில்லை. போட்டோகிராபருக்கும் நாதஸ்வரக்காரர்களுக்கும் சேர்த்து சீட்டு எண்ணுங்கள். அல்லது திருப்பத்தூர் பக்கத்து ஆட்களாகவே பாருங்கள், அவர்கள் பைக்கில் வந்துவிடுவார்கள்.

அம்மாவின் கேள்வி வேறு. "இத்தன வருஷமா ஊருக்கெல்லாம் மொய் வெச்சேனே, அதெல்லாம் யார் கணக்குல?" மொய் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டார். இதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். நம்ம பக்கம் மொய் என்பது வரவேண்டிய கடன், அதைவிட, வராதவர் யார் என்று தெரிந்துகொள்ளும் வழி. அதனால் கல்யாணத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். பந்தக்காலும் நலங்கும் தெருவில். தாலி மலையில். பந்தக்கால் அன்று தெருப் பெண்கள் எல்லாரும் வந்து தங்கச்சிக்கு மஞ்சள் பூசினார்கள். கடைசி வீட்டு அக்கா பூசின மஞ்சள் காதுக்குள் போய், அவள் ராத்திரி முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெருவில் சாமியானா, பிரியாணி, ஓரமாக மொய் எழுத ஒரு மேஜை. தெருவில் பந்தல் போட போலீஸ் ஸ்டேஷனில் முன்னாடியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மலைக்கு வராத கோபம் பாதி இந்த மேஜையில் தீர்ந்தது. மீதிப் பாதி தீரவில்லை, ஒரு மாமா இன்னும் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அது அவர் இஷ்டம்.

செலவு குறையும் என்று கணக்குப் போட்டு இதில் இறங்காதீர்கள். மொத்தம் குறைவாகத்தான் வரும், தலைக்குப் பார்த்தால் மண்டபக் கல்யாணத்தைவிட அதிகம். விடுதி அறை, வண்டி, சமையல்காரர், எல்லாம் மலை விலை.

முந்தின நாளே மேலே போய்விடுங்கள். முகூர்த்தத்தன்று காலையில் வளைவு ஏறினால் பொண்ணு மணையில் உட்காரும்போது முகம் வெளுத்திருக்கும். ஏறும்போது வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது, வாந்தி வருபவர்களை முன் சீட்டில் உட்கார வையுங்கள்.

திறந்த வெளியில் குத்துவிளக்கு நிற்காது. எவ்வளவு திரி போட்டாலும் காற்று ஒரே வீச்சில் அணைத்துவிடும், உடனே யாராவது "அபசகுனம்" என்று ஆரம்பிப்பார்கள். எங்கள் சித்தப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். பதினைந்து லிட்டர் எண்ணெய் டின் ஒன்றின் ஒரு பக்கத்தை வெட்டி, உள்ளே மஞ்சள் துணி ஒட்டி, காமாட்சி விளக்கை அதற்குள் வைத்தார். கடைசி வரை எரிந்தது. தேங்காய் எண்ணெய் அந்தக் குளிரில் உறைந்துவிடும், விளக்குக்கு நல்லெண்ணெய் கொண்டு போங்கள். தாலிக்கயிறு முடிச்சு போட மாப்பிள்ளை கை விறைத்துப் போயிருந்தது. நாத்தனார் முடிச்சுதான் கெட்டியாக விழுந்தது. மல்லிகையை இங்கிருந்து கொண்டு போவதானால் ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் கவரில் போட்டால் கீழே இறங்குவதற்குள் கறுத்துவிடும். ஹோமம் வேண்டாம் என்று நாங்களே முடிவு செய்தோம். தை மாசத்தில் புல் காய்ந்திருக்கும், ஒரு பொறி போதும்.

ஐயர் வராவிட்டால் செல்லுமா என்று மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் கேட்டார். செல்லும். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவு 1968-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. சொந்தக்காரர்கள், நண்பர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகப் புரிகிற மொழியில் சொல்வது, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்வது, தாலி கட்டுவது, இதில் ஏதாவது ஒன்று போதும். ஊரறிய நடத்தியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பௌத்தக் குடும்பங்களுக்கும் இந்தச் சட்டமே பொருந்தும். கத்தோலிக்கர் என்றால் சர்ச்சுக்கு வெளியே கல்யாணம் நடத்த ஆயரின் அனுமதி வேண்டும், பங்குத் தந்தையிடம் முதலில் பேசுங்கள். இரண்டு பேரும் வேறு வேறு மதம் என்றால் சிறப்புத் திருமணச் சட்டம். அதற்கு 30 நாள் நோட்டீஸும் மூன்று சாட்சியும் வேண்டும். அதைச் சென்னையிலேயே முடித்துவிட்டு மலைக்குப் போவது நிம்மதி.

பதிவை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும், தாமதக் கட்டணத்தோடு 150 நாள் வரை. மண்டப ரசீது, கோவில் ரசீது எதுவும் உங்களிடம் இருக்காது. அதனால் யாரையும் கூப்பிடப் போவதில்லை என்றாலும் தேதி, நேரம், இடம் போட்டுக் கொஞ்சம் பத்திரிகை அடித்துவிடுங்கள், பதிவு அலுவலகத்தில் முதலில் கேட்பது அதைத்தான். தாலி கட்டும் போட்டோ, இரண்டு பேரின் வயது, முகவரிச் சான்று, சாட்சிகளின் அடையாள அட்டை ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள். கல்யாணத்தில் இருந்தவர்களில் லீவு போட்டு வரக்கூடியவர் யார் என்று பார்த்து, மலையிலிருந்து இறங்குவதற்கு முன்பே அவரைச் சாட்சிக்குப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.