யாழ்ப்பாணத்துக்கு ஐந்து நாள்: கடிதமும் பதிலும்

வணக்கம்.

மார்கழியில் ஐந்து நாள் தனியாக யாழ்ப்பாணம் போக நினைக்கிறேன். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் போக ஆசை. அங்குள்ள நண்பர்கள் ஒரு நூல் அறிமுகக் கூட்டத்தில் அரைமணி நேரம் பேசச் சொல்கிறார்கள். விசாவே தேவையில்லை என்கிறார் ஒருவர், இலவசம் என்கிறார் இன்னொருவர். என் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருக்கிறது. ஈ.சி.ஆர். வேறு. என்ன செய்யட்டும்?

க., மதுரை

அன்புள்ள க.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். பாஸ்போர்ட்டில் உள்ள ஈ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்பது குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கான கட்டுப்பாடு. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

நீங்கள் போகிற வழியில் உள்ள நுட்பமான சிக்கல் அந்த அரைமணி நேரப் பேச்சுதான். சுற்றுலா என்று விண்ணப்பித்துவிட்டு மேடையேறாதீர்கள். இ.டி.ஏ. எனப்படும் இணைய முன்அனுமதியில் சுற்றுலா ஒரு வகை, அலுவல் இன்னொரு வகை. கருத்தரங்கு, கலை நிகழ்ச்சி, சமய நிகழ்ச்சி எல்லாம் அலுவல் வகையில் வருகின்றன. பணம் வாங்காமல் பேசினாலும் கூட்டம் கூட்டம்தான். நோட்டீஸில் உங்கள் பெயர் அச்சாகியிருக்கும். கையில் சுற்றுலா அனுமதி இருக்கும். யாராவது கேட்டால் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள், அழைத்த நண்பர்களும் சங்கடப்படுவார்கள். நாள், இடம், அழைப்பவரின் தொலைபேசி எண் எல்லாம் போட்ட அழைப்புக் கடிதம் ஒன்றை இப்போதே கேட்டு வாங்குங்கள்.

விசா பற்றி ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 2023இல் இந்தியர்களுக்குக் கட்டணமில்லை என்று அறிவித்தார்கள். 2024இல் இ.டி.ஏ.யை நிறுத்தி வேறு தளத்தைக் கொண்டுவந்தார்கள். இலங்கை உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகு பழைய இ.டி.ஏ. திரும்பி வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் போட்ட வீடியோக்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. விண்ணப்பிக்கிற அன்று குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தளத்தில் இருப்பது மட்டுமே கணக்கு. முகவரி ஜிஓவி.எல்கே (gov.lk) என்று முடிய வேண்டும். அதே தோற்றத்தில் இடைத்தரகர்களின் தளங்கள் கூடுதல் பணம் வாங்குகின்றன.

பெயர் விஷயத்துக்கு பாஸ்போர்ட்டின் அடியில் உள்ள இரண்டு வரிகளைப் பாருங்கள். ஐ.என்.டி. என்ற எழுத்துகளை ஒட்டி வருவதுதான் இயந்திரம் சர்நேம் இடத்தில் படிக்கும் பெயர். சர்நேம் காலியாக உள்ளவர்களுக்கு அங்கே சொந்தப் பெயர்தான் இருக்கும். படிவம் சர்நேமைக் கட்டாயமாகக் கேட்டால் அதையே எழுதுங்கள். அப்பா பெயரைப் புதிதாகச் சேர்க்க வேண்டாம். பாஸ்போர்ட் எண்ணில் எழுத்து முதலில்தான் வரும், பின்னால் வருபவை எண்கள். அதனால் பின்னால் வட்டமாகத் தெரிவது பூஜ்யம், ஆங்கில ஓ அல்ல. எண் தவறினால் அனுமதி உங்கள் பாஸ்போர்ட்டோடு பொருந்தாது.

பணம் கட்டும்போது கார்டு மறுக்கப்பட்டால் தளத்தைக் குறை சொல்லாதீர்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020க்குப் பின் வந்த கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறந்துவிட்டு மறுபடி முயலுங்கள். அங்கே ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கவும் அது வேண்டும். இந்திய நோட்டாக 25,000 ரூபாய்க்கு மேல் கொண்டுபோகக் கூடாது.

கப்பல் ஆசையை மார்கழியில் தள்ளி வையுங்கள். வடகிழக்குப் பருவக்காற்றில் பாக் நீரிணை கொந்தளிக்கும். 2023 அக்டோபர் 14இல் தொடங்கிய சேவை ஒரே வாரத்தில் நின்றது. மறுபடி தொடங்கியதையும் 2024 நவம்பரில் நிறுத்தினார்கள், அடுத்த பிப்ரவரியில்தான் மீண்டும் ஓடியது. ஐந்து நாள் விடுப்பை அதை நம்பி எடுக்க முடியாது. சென்னையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் உள்ள பலாலிக்குச் சிறிய விமானம் போகிறது; பலாலியிலிருந்து நகரம் இருபது கிலோமீட்டருக்குள்தான். விமானம் சிறியது என்பதால் பெட்டியின் எடை அளவைச் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். புத்தகங்கள் கனக்கும்.

இ.டி.ஏ. கையில் இருந்தாலும் உள்ளே விடும் முத்திரை விமான நிலையத்தில்தான் கிடைக்கும். திரும்பும் சீட்டு, தங்குமிட முகவரி, அழைப்புக் கடிதம் மூன்றையும் அச்செடுத்துக் கைப்பையிலேயே வையுங்கள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் "நூல் அறிமுகக் கூட்டம்" என்றே சொல்லுங்கள்.

கூட்டத்துக்கு நாள் குறிக்கும்போது பௌர்ணமி எது என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். போயா தினம் என்று நாடு முழுவதும் விடுமுறை; வங்கியும் அலுவலகமும் திறக்காது.