பவுடர் கரையவில்லையா? முகப்பொலிவு சீரம் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வீட்டில் சீரம் கலக்குபவர்கள் கேட்டவை. பதில் தருபவர் இந்தத் தயாரிப்பில் தேர்ந்த ஓர் அக்கா. அசெலாயிக், நியாசினமைடு, ஆல்ஃபா அர்புட்டின், கோஜிக் எல்லாம் முகப்பொலிவுக்காகச் சீரத்தில் சேர்க்கும் பவுடர்கள்.

கேள்வி: அக்கா, அசெலாயிக் ஆசிட் 10 விழுக்காடு போட்டேன். சுடுதண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. காலையில் போத்தல் அடியில் ஊசி ஊசியாக நிற்கிறது. இன்னும் சூடாக்கவா?

பதில்: வேண்டாம் தம்பி. அறைச் சூட்டில் 100 மில்லி தண்ணீர் கால் கிராம் அசெலாயிக்கைத்தான் தாங்கும். சூடு கூடுதலாகக் கரைக்கும். ஆறியதும் அத்தனையும் திரும்பி வந்துவிடும். அந்த ஊசிகள் முகத்தை உறுத்தும். தெளிந்த சீரம்தான் வேண்டுமென்றால் அசெலாயிக்கிலிருந்து செய்யும் பொட்டாசியம் அசெலாயில் டைகிளைசினேட் வாங்குங்கள், அது தண்ணீரில் கரையும்.

கேள்வி: நியாசினமைடும் ஆல்ஃபா அர்புட்டினும் சேர்த்து 100 கிராமுக்கு அளவு சொல்லுங்கள்.

பதில்: டிஸ்டில் வாட்டர் 87.6 கிராம், நியாசினமைடு 4, ஆல்ஃபா அர்புட்டின் 2, கிளிசரின் 5, சாந்தன் கம் (கெட்டியாக்கும் பவுடர்) 0.3, டைசோடியம் ஈடிடிஏ (தண்ணீரிலுள்ள உலோகத்தைப் பிடித்து வைக்கும் பவுடர்) 0.1, ஃபீனாக்ஸிஎத்தனால் கலந்த பிரிசர்வேட்டிவ் (கெடாமல் காப்பது) 1. சமையல் தராசு 0.1 கிராமைக் காட்டாது, 0.01 வரை காட்டும் தராசு வேண்டும்.

முதலில் ஈடிடிஏ, பிறகு நியாசினமைடு, பிறகு அர்புட்டின். சூடு தேவையே இல்லை. ஒவ்வொன்றும் கரைந்ததும் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஒரு துகள்கூட மிதக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் சாந்தன். பலர் அதை முதலில் போட்டுவிடுகிறார்கள். கெட்டியான பிறகு பவுடர் கரைந்ததா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாது. சாந்தனைக் கிளிசரினில் குழைத்து ஊற்றினால் கட்டி தட்டாது. பிரிசர்வேட்டிவ் எண்ணெய்த் துளி மாதிரி அடியில் போய் உட்காரும், அது மறையும் வரை கலக்குங்கள். கடைசியாக பிஎச் (புளிப்புத் தன்மையின் அளவு; எண் குறைந்தால் புளிப்பு கூடுதல்) பாருங்கள்: 5.5 முதல் 6 வரை. கூடுதலாக இருந்தால் 10 விழுக்காடு சிட்ரிக் ஆசிட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ரொம்பக் கீழே இறக்கினால் நியாசினமைடு நாளாக நாளாக நிக்கோட்டினிக் ஆசிடாக மாறும், முகம் சிவந்து எரியும்.

கேள்வி: இதிலேயே வைட்டமின் சி 15 விழுக்காடு போடலாமா?

பதில்: தனிப் போத்தலில் போடுங்கள். வைட்டமின் சி என்கிற அஸ்கார்பிக் ஆசிடுக்கு பிஎச் 3.5க்குக் கீழே வேண்டும். நம்ம ஊர் வெக்கையில் சீக்கிரம் மஞ்சளாகிவிடும். சின்ன அளவில் செய்து ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கேள்வி: கோஜிக் ஆசிட் 1 விழுக்காடு நன்றாகக் கரைந்தது, ஒரு வாரத்தில் பழுப்பாகிவிட்டது.

பதில்: குழாய்த் தண்ணீரா அண்ணே? இரும்பு பட்டால் கோஜிக் நிறம் மாறும். பழைய பைப்பிலிருந்து வரும் தண்ணீர், துருப்பிடித்த கரண்டி இரண்டையும் தள்ளி வையுங்கள், ஈடிடிஏவை விடாதீர்கள். வொர்க்‌ஷாப்பில் விற்கும் பேட்டரித் தண்ணீரும் கூடாது, அது தோலுக்கென்று தயாரித்ததல்ல.

கேள்வி: அதிமதுரச் சாற்றுப் பவுடர், பொலிவு தரும் கிளாப்ரிடின் உள்ளது, தண்ணீர் மேலேயே மிதக்கிறது.

பதில்: அது தண்ணீருக்கு இணங்காது. 0.1 கிராமை 4 கிராம் புரோப்பிலீன் கிளைக்காலில் கரைத்து, தண்ணீரோடு சேர வைக்கும் பாலிசார்பேட் 20 கலந்து, பிறகு தண்ணீரில் விடுங்கள். பால் போலக் கலங்கினால் பாலிசார்பேட் போதவில்லை.

கேள்வி: பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கலாமா?

பதில்: மருந்து, அழகுப் பொருள்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான என்பிஆர்ஏவில் நோட்டிஃபிகேஷன் (பதிவு) வாங்காமல் விற்கக் கூடாது. யாராவது வெளுப்பு சீக்கிரம் வரும் என்று ஹைட்ரோகுவினோனோ பாதரசமோ கொடுத்தால் வாங்காதீர்கள், இரண்டும் அழகுப் பொருளில் தடை.