ஓடும்போதே நின்றுபோகும் பழைய டீசல் பிக்கப்

கேள்வி: ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் என் டீசல் பிக்கப் 2004-ஆம் ஆண்டு மாடல். சில மாதங்களாக, ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுவை குறைந்து, விக்கி விக்கி எஞ்சின் நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் கழித்து, ஃபில்டருக்கு மேலுள்ள கை பம்பை அடித்தால் ஸ்டார்ட் ஆகிறது. பிறகு பல நாள் தொல்லை இருப்பதில்லை. டீசல் ஃபில்டரை மாற்றியாயிற்று. எங்கும் டீசல் கசியவும் இல்லை. டீசல் பம்பைக் கழற்றி வேலை பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: இப்போதைக்குப் பம்பைக் கழற்ற வேண்டாம். உள்ளே தேய்ந்துபோன பம்ப், நாள் தவறாமல் தன் குறையைக் காட்டும். குறிப்பாக, எஞ்சின் சூடாக இருக்கும்போது மறுபடி ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். பல நாள் நன்றாக ஓடி, ஒருநாள் மட்டும் நின்று, கை பம்பை அடித்ததும் உயிர் பெறும் வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது, டேங்கிலிருந்து பம்ப் வரை டீசல் வந்துசேரும் வழியைத்தான்.

வண்டி எப்படி நின்றது என்பதை நீங்கள் கவனித்து எழுதியிருப்பது பெரிய உதவி. சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் சட்டென்று நின்றிருந்தால், பம்பில் டீசலைத் திறந்துவிடும் சாலினாய்டுக்கு வரும் 12 வோல்ட் ஒயரையும், அதன் முனையையும், இக்னிஷன் சுவிட்சையும் பார்க்கச் சொல்லியிருப்பேன். விக்கி விக்கி நிற்பது டீசல் போதாமல் நிற்பதன் அடையாளம்.

டீசல் கசியவில்லை என்பதால் லைன் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது. டேங்க் பெரும்பாலும் பம்பைவிடத் தாழ்வாக இருப்பதால், எஞ்சின் ஓடும்போது அந்த லைனில் உறிஞ்சும் இழுப்புதான் இருக்கும். ஆகவே, வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், பலமுறை கழற்றி மாட்டிய காப்பர் வாஷர், ஃபில்டர் மாற்றும்போது சரியாக உட்காராத ரப்பர் வளையம் ஆகியவற்றின் வழியே டீசல் வெளியே வராது. காற்று உள்ளே போகும். பட்டறைகளில் 'ஏர் இழுக்கிறது' என்று சொல்வது இதைத்தான்.

இதைக் கண்ணால் பார்க்க எளிய வழி இருக்கிறது. டீசலைத் தாங்கும், உள்ளே தெரியக்கூடிய ஒரு சாண் டியூபை, பம்புக்குள் டீசல் நுழையும் இடத்திற்குச் சற்று முன்னால் கிளிப் போட்டு இணைக்கச் சொல்லுங்கள். இணைத்தபோது புகுந்த காற்று வெளியேறும் வரை ஓடவிட்டு, பிறகு ஐடிலிலும் ஆக்சிலேட்டரை உயர்த்தியும் பாருங்கள். தொடர்ந்து குமிழ்கள் வந்தால், டியூபை ஃபில்டருக்கு முன்னால் மாற்றி இணையுங்கள். அங்கேயும் குமிழ் இருந்தால் கோளாறு டேங்க் பக்கம். அங்கே இல்லையென்றால் ஃபில்டரைச் சுற்றித்தான். டேங்கில் டீசல் குறைந்திருக்கும் நாள்களில் மட்டும் வண்டி நிற்கிறதா என்றும் யோசித்துப் பாருங்கள். டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயில் விரிசல் இருந்தால், டீசல் மட்டம் அதற்குக் கீழே போனதும் காற்று ஏறத் தொடங்கும்.

குமிழே இல்லாமல் வண்டி திணறினால், அடைப்பைத் தேட வேண்டும். கை பம்பை அழுத்தி விட்டதும் அது மேலே எழும்பத் தயங்கினால், லைன் எங்கோ அடைபட்டிருக்கிறது. பழைய டேங்கின் துருவும் கசடும் ஓட்டத்தில் உறிஞ்சு குழாயின் சல்லடையில் ஒட்டிக்கொள்வதும், வண்டி நின்றபின் உதிர்ந்து கீழே இறங்குவதும் உண்டு. கால் மணி நேரத்தில் வண்டி தானாகச் சரியாவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தாலும் இதே கதைதான். அடுத்தமுறை நின்றவுடன் மூடியைத் திறந்து பாருங்கள், 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியை மாற்றினாலே போதும்.

இத்தனைக்குப் பிறகும் ஐயம் தீராவிட்டால், சுத்தமான டீசல் உள்ள கேனிலிருந்து புதிய ஹோஸ் வழியாக நேரே பம்புக்கு டீசல் கொடுத்து, மிஞ்சிய டீசல் திரும்பிவரும் ரிட்டர்ன் லைனையும் அதே கேனுக்குள் விட்டு, வண்டியை நிறுத்தி வைத்தபடியே நீண்ட நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். அப்போதும் டீசல் போதாமல் விக்கி நின்றால், பம்பைக் கடைக்குக் கொண்டுபோக நியாயம் உண்டு.

கோளாறு தீரும்வரை இந்த வண்டியில் சுமை ஏற்றி மலைப்பாதையில் இறங்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். பிரேக்குக்குத் துணை செய்யும் வேக்குவம் பம்ப் எஞ்சின் ஓடினால்தான் இயங்கும். எஞ்சின் நின்றபின் இரண்டு மூன்று மிதிக்குள் பெடல் கல்லாகிவிடும், பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதுவும் கனத்துவிடும். சமதளத்தில் நின்றுவிட்டாலும், பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மூச்சில் அழுத்திப் பிடித்து, வண்டியை ஓரங்கட்டுங்கள்.