கரிய நீரில் நான்கு நாள்

கேள்வி: நாங்கள் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் வசிக்கிறோம். நவம்பர் விடுமுறையில் பத்து வயது மகளுடன் சுவானி ஆற்றில் கேனோவில் (துடுப்புப் படகில்) சென்று, கரையில் கூடாரமடித்துத் தங்க விரும்புகிறோம். ஆற்றுநீர் கறுப்பாக இருப்பதைப் பார்த்து மனைவி தயங்குகிறார். அது சாக்கடை நீரா? எங்கிருந்து கிளம்பலாம்?

பதில்: உங்கள் மனைவியின் தயக்கம் இயல்பானதே, ஆனால் அந்தக் கறுப்புக்குச் சாக்கடை காரணமல்ல. ஜார்ஜியாவின் ஒக்கிஃபினோக்கி சதுப்பில் ஊறிக் கிடக்கும் இலை தழைகளிலிருந்து இறங்கும் டானின் என்ற துவர்ப்புச் சாறுதான் ஆற்றுக்கு அந்த நிறத்தைத் தருகிறது. கையை நீருக்குள் விட்டால் விரல்கள் முதலில் பால் சேர்க்காத தேநீரின் நிறத்தில் தெரியும். முழங்கை அமிழ்வதற்குள் கண்ணுக்கு மறைந்துவிடும். சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஆண்டு முழுவதும் சுமார் 22 டிகிரி செல்சியஸில் சுரக்கும் தெளிந்த ஊற்றுகள் ஆற்றில் கலக்கும் இடங்களில், கறுப்பும் பளிங்கும் அருகருகே ஓடுவதை உங்கள் மகளுக்கு அவசியம் காட்டுங்கள்.

முதல் பயணம் என்பதால் வைட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் கிளம்பி, சுவானி ரிவர் மாநிலப் பூங்காவில் முடிப்பதையே நான் சொல்வேன். ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வரும் இந்தத் தூரம் நான்கு நாளுக்கு நிதானமாகப் பொருந்தும். பாறைகளிடையே ஆறு சீறிப் பாயும், ஃபுளோரிடாவின் மிகப்பெரிய நீர்ப்பாய்ச்சலான பிக் ஷோல்ஸும் வைட் ஸ்பிரிங்ஸுக்கு மேலே, நீங்கள் கிளம்பும் இடத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது. வழியில் வுட்ஸ் ஃபெர்ரி, ஹோல்டன் கிரீக் ஆகிய இரு இடங்களில் கொசுவலை அடித்த தங்குமேடைகளும் குளியலறைகளும் இருக்கின்றன. அவற்றுக்கு முன்பதிவு செய்துகொண்டு, ஓர் இரவை மட்டும் வெண்மணல் திட்டில் கழிக்கலாம்.

அந்த மணல்திட்டு இரவைப் பற்றித்தான் எனக்கு அக்கறை அதிகம். நீங்கள் இருக்கும் இடத்தில் வானம் வெளுத்திருந்தாலும், ஜார்ஜியாவில் பெய்த மழை சில நாள் கழித்து வந்து ஆற்றை உயர்த்தும். ஒரு மார்ச் மாதத்தில் நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டுத் தூங்கினேன். விடிந்து பார்த்தபோது அது கரையிலிருந்து இரண்டு சாண் உள்ளே நின்றது. கூடாரத்தை மேட்டில் அடித்திருந்ததால் எதுவும் நனையவில்லை. ஆகவே கிளம்பும் முன் வைட் ஸ்பிரிங்ஸ் நீர்மட்ட அளவைப் பாருங்கள். வெள்ளம் ஏறியிருந்தால் திட்டுகளே முழுகிவிடும் என்பதால், பயணத்தைத் தயங்காமல் தள்ளிவையுங்கள். கேனோவையும் இரவில் மேலே இழுத்து, கவிழ்த்து, மரத்தில் கட்டிவிடுங்கள்.

குடிநீரை ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் வீதம் எடுத்துச் செல்வது நல்லது. முதலைகள் இருக்கும் ஆறு இது. மீன் கழிவையோ சோற்றுப் பருக்கையையோ கரையில் கொட்டக் கூடாது, அந்தி சாய்ந்தபின் நீர் விளிம்பில் மகளைத் தனியே நிற்க விடவும் கூடாது. உணவுப் பெட்டியை ரக்கூன்கள் எளிதில் திறந்துவிடுமாதலால் வாரால் இறுக்குங்கள். ஃபுளோரிடாச் சட்டம் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கே உயிர்காப்பு அங்கியைக் கட்டாயமாக்குகிறது என்றாலும், கேனோவில் இருக்கும் வரை மகளும் நீங்கள் இருவரும் அதைக் கழற்றவே வேண்டாம்.