வெளிநாட்டில் வசிப்பவர்கள் சின்னப் பிள்ளைகளோடு ஷாப்பிங் மால் போகும்போது என்னென்ன முன்னேற்பாடு செய்ய வேண்டும்?

நாங்கள் கரூர்க்காரர்கள். நான்கு வருடமாக மலேசியாவில், நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவில் இருக்கிறோம். கணவருக்குச் செம்பனை ஆலையில், அதாவது பாமாயில் எடுக்கும் ஆலையில் வேலை. மகளுக்கு இப்போது எட்டு வயது, மகனுக்கு இரண்டரை.

பகாவைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் தோட்டம்தான். தோட்டம் இருந்தால் தமிழும் இருக்கும். மளிகைக் கடை, கோயில், இரவுச் சந்தை, பக்கத்து வீடு எல்லாம் தமிழிலேயே நடந்துவிடும். வந்த புதிதில் எனக்கு வெளிநாட்டுக்கு வந்த உணர்வே இல்லை. அதனால்தான் அன்றைக்கு ஏமாந்தேன்.

வந்து நான்கு மாதம் இருக்கும். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாநிலத் தலைநகர் சிரம்பானில் ஒரு மாலுக்குப் போனோம். தீபாவளி சமயத்தில் இங்கே பெரிய மால்களில் நடுக்கூடத்தில் வண்ண அரிசியால் பெரிய கோலம் போடுவார்கள். மகள் அதை மயில், மயில் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் கார் நிறுத்தப் போயிருந்தார். நான் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நிமிர்ந்தேன், அவள் இல்லை.

கோலத்தைச் சுற்றி ஓடினேன். கடை கடையாக எட்டிப் பார்த்தேன். ஒலிபெருக்கியில் ஏதோ அறிவிப்பு வந்தது, இரண்டாம் முறையும் வந்தது. தள்ளுபடி விற்பனை அறிவிப்பாக இருக்கும் என்று நினைத்து, அந்தச் சத்தத்துக்கு மேலே அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறை ஒரு பெண் குரல் தமிழில் பேசியது. "மஞ்ச கவுன் போட்ட பிள்ளையோட அம்மா, கவுண்டருக்கு வாங்க, பிள்ள இங்கதான் இருக்கு."

முதல் இரண்டு முறையும் மலாயில் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். என் பிள்ளை கிடைத்துவிட்டாள் என்ற செய்தி என் காதில் விழுந்தும் எனக்குப் புரியவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

இன்னொன்றும் அப்புறம் தெரிந்தது. அவளைக் கண்டெடுத்தவர் ஒரு நேப்பாளக் காவலாளி. இங்கே மால், தொழிற்சாலை, அடுக்குமாடி வாசல்களில் நேப்பாளிகளை நிறையவே பார்க்கலாம். அவர் மலாயில் பெயர் கேட்டிருக்கிறார். மகள் கரூரில் அவள் பாட்டி சொல்லிக் கொடுத்தபடி அப்பா பெயர், தெருப் பெயர், கரூர் வீட்டுத் தொலைபேசி எண் என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் தமிழில் ஒப்பித்திருக்கிறாள். நான்கு வயதுப் பிள்ளை அழாமல் தன் கடமையைச் செய்திருக்கிறாள். கேட்டவருக்குத்தான் ஒரு சொல்லும் புரியவில்லை. புரிந்திருந்தாலும் அந்த எண்ணில் என்னைப் பிடித்திருக்க முடியாது. வேறொரு கடையில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்ணை அவர் தேடி அழைத்து வந்ததால்தான் விஷயம் முடிந்தது.

அன்று ராத்திரி பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் சொல்லி அழுதேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் பால் எடுத்தவர். விடியற்காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஓடுமுன் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில், அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போன காலத்து மனுஷி. "ஆயா தமிழு, பக்கத்துல எல்லாம் தமிழு, அப்ப பயமில்ல. நீ டவுனுக்குக் கொண்டு போறியே தாயி, மொதல்ல பிள்ளைக்கு ரெண்டு வார்த்தை மலாய் சொல்லிக் குடு" என்றார்.

மறுநாளே அவரே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். "சாயா ஹிலாங்", அதாவது நான் தொலைந்துவிட்டேன். "தோலோங் தெலிபோன் எமாக்", அதாவது அம்மாவுக்குப் போன் பண்ணுங்கள். அப்புறம் என் மலேசிய எண். கோசோங், சத்து, டுவா (பூஜ்யம், ஒன்று, இரண்டு) என்று மலாயில் ராகம் போட்டுச் சொன்னதில் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டாள். பாட்டி எனக்கும் பாடம் எடுத்தார். பெர்ஹாத்தியான் என்றால் அறிவிப்பைக் கவனி என்று அர்த்தம். பூடாக் பெரெம்புவான் என்றால் சிறுமி, பூடாக் லெலாக்கி என்றால் சிறுவன், பாஜு என்றால் சட்டை. மால் போகும் நாளில் பிள்ளைகளுக்கு என்ன நிறச் சட்டை போடுகிறேனோ அந்த நிறத்தின் மலாய்ப் பெயரை மனதில் வைத்துக்கொள்வேன். அன்றைய மஞ்சள், கூனிங்.

நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். ஊரில் பாட்டி தாத்தா சொல்லிக் கொடுத்த விலாசத்தைப் பிள்ளை மறக்க வேண்டாம். ஆனால் இருக்கிற நாட்டு எண்ணை அந்த நாட்டு மொழியில் சொல்லத் தெரிய வேண்டும். வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். நான் காவலாளி போல நின்று கேட்பேன், அவள் பதில் சொல்வாள். தொலைந்தால் நின்ற இடத்திலேயே நில், தேடிக்கொண்டு ஓடாதே, சீருடை போட்டவரிடமோ பணம் வாங்கும் கவுண்டரிலோ சொல் என்பதும் அந்த ஒத்திகையில் சேர்த்தி.

மற்றவை சின்ன விஷயங்கள். சிரம்பான் போக எங்களுக்குக் கோலா பிலா ஊரைத் தாண்டி புக்கிட் புத்துஸ் மலையேறி இறங்க வேண்டும். வயிறு நிறையக் கொடுத்துக் கிளம்பினால் வளைவுகளில் வாந்திதான், அதனால் மலை இறங்கிய பிறகுதான் ஓரமாக நிறுத்தி இட்லி கொடுப்பேன். காரில் குழந்தை இருக்கை 2020 முதல் இங்கே கட்டாயம். உள்ளே ஏசி குளிரும், ஒரு ஸ்வெட்டர் வேண்டும். விளையாட்டுக் கூடங்களில் காலுறை இல்லாமல் விட மாட்டார்கள். ஸ்ட்ரோலரோடு எஸ்கலேட்டரில் ஏறவே ஏறாதீர்கள், லிஃப்டுக்குக் காத்திருங்கள். சாப்பாட்டுக் கடைப் பலகையில் 'டாகிங்' என்று இருந்தால் அது பெரும்பாலும் மாட்டிறைச்சி, சாப்பிடாதவர்கள் கவனிக்கவும். சம்பளம் போட்ட வாரக் கடைசியில் போகாமல் வேலைநாள் காலையில் கடை திறந்ததும் போனால் கூட்டமே இருக்காது.

மகனுக்கு இன்னும் வாக்கியம் சேர்ந்து வரவில்லை. அதனால் அவன் மணிக்கட்டின் உள்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் என் எண்ணை எழுதி, அழியாமல் இருக்க மேலே ஒளிஊடுருவும் பிளாஸ்திரி ஒட்டிவிடுகிறேன். காரை விட்டு இறங்குமுன் மகள்தான் அந்த எண்ணை ஒருமுறை வாசித்துச் சரிபார்ப்பாள், கோசோங், சத்து என்று மலாயில்.