விந்தணு நீந்துகிறது, சரி. மரபணு எங்கே?

அன்புள்ள ஐயா,

கால்நடை விந்தணுவில் நானோ துகள் (கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்) வழியாக வேற்று மரபணுவை ஏற்றலாம் என்று படித்தேன். துகள் சேர்த்த பிறகும் விந்தணுக்கள் நன்றாகவே நீந்தினவாம். அப்படியானால் பாதிப்பில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? காளை விந்தில் கலந்து கருவூட்டினால் போதும்தானே?

— ம.

அன்புள்ள ம.,

போதாது. நீந்துவது வாலின் வேலை. நமக்கு வேண்டிய டிஎன்ஏ இருப்பது தலையில். தலைக்குள் டிஎன்ஏ உடைந்த விந்தணுவும் ஜோராக நீந்தும், முட்டையைக் கருவுறச் செய்யவும் கூடும். ஆனால் கரு சில நாளில் வளராமல் நின்றுபோகலாம்.

எலி விந்தணுவை டிஎன்ஏ கரைசலில் ஊறவைத்தே மரபணு மாற்றிய குட்டிகளைப் பெற்றதாக 1989-இல் ஓர் இத்தாலியக் குழு அறிவித்தது. அதே ஆண்டில் மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்துவிட்டு, வரவில்லை என்று கையை விரித்தன. இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் பின்னால் துகள்கள் வந்தன. டிஎன்ஏ, விந்தணுச் சவ்வு இரண்டுமே எதிர்மின்னூட்டம் கொண்டவை, ஒட்டாது. பாலிமர் பூசிய இரும்பு ஆக்சைடு துகள் நேர்மின்னூட்டத்தோடு நடுவில் நின்று தரகு பார்க்கிறது. அடியில் காந்தத்தை வைத்தால் துகள்கள் விந்தணுமேல் வந்து படியும்.

வம்பும் அந்த மின்னூட்டத்தில்தான். துகள் அதிகமானால் சவ்வு கிழியலாம். விந்தணுச் சவ்வில் எளிதில் ஆக்சிஜனேற்றமாகும் கொழுப்பு அதிகம். சைட்டோபிளாசம் (செல்லுக்குள் இருக்கும் கூழ் போன்ற பொருள்) மிகக் குறைவு என்பதால் தற்காப்பு நொதிகளும் சொற்பம். உடைந்த டிஎன்ஏவைத் தானே சரிசெய்துகொள்ள அதற்கு ஏறக்குறைய வழியே கிடையாது. வேற்று டிஎன்ஏ உள்ளே வந்தால் விந்தணுவின் சொந்த நொதிகளே கிளம்பி அதையும் வெட்டலாம், விந்தணுவின் டிஎன்ஏவையும் வெட்டலாம்.

பலர் கவனிக்காத ஒன்று: விந்துத் திரவம் டிஎன்ஏ ஒட்டுவதைத் தடுக்கும். அதனால் முதலில் அதைக் கழுவி எடுத்துவிடுவார்கள், அதிலிருந்த பாதுகாப்பும் சேர்ந்து போய்விடும். எனவே கழுவி, துகள் சேர்க்காத விந்தணுவோடு ஒப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் கழுவியதன் பழி துகள் தலையில் விழும்.

அடுத்து, 'விந்தணுவில் மரபணு கிடைத்தது' என்ற பிசிஆர் (குறிப்பிட்ட டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும் சோதனை) முடிவு. வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும் டிஎன்ஏவும் பிசிஆரில் வரும். டிஎன்ஏவை வெட்டும் டிஎன்ஏஸ் நொதியால் வெளிப்புறத்தைச் சுத்தம் செய்த பிறகு சோதித்தார்களா? அப்படியே உள்ளே போயிருந்தாலும் மரபணு குரோமோசோமில் சேர்ந்ததா, கன்றின் எல்லாத் திசுக்களிலும் இருக்கிறதா, அதன் வாரிசுக்குப் போகிறதா? நீங்கள் படித்த கட்டுரை இதில் எதுவரை போயிருக்கிறது என்று எழுதுங்கள்.