டூரெட் சின்ட்ரோம் உள்ள பிள்ளை அடிக்கடி பள்ளி மாறினால் டிக் (திடீரெனத் தானாக வரும் அசைவோ ஒலியோ) அதிகமாகுமா?

ஆகலாம். ஆனால் பள்ளி மாறுவது டூரெட்டுக்குக் காரணம் இல்லை. டூரெட் நரம்பு மண்டலம் சார்ந்தது. கண் சிமிட்டல், தோள் குலுக்கல், தொண்டைச் செருமல் போன்ற டிக்குகள் பெரும்பாலும் 5–7 வயதில் தொடங்கி, 10–12 வயதில் உச்சத்துக்குப் போகும். பதற்றம் அவற்றைக் கூட்டும்.

புது வகுப்பில் பிள்ளை டிக்கை முழுமூச்சாக அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தும்மலை அடக்குவது போலத்தான், கொஞ்ச நேரம் முடியும். பாடம் காதில் ஏறாது; அப்புறம் வீட்டுக்கு வந்ததும் கொட்டித் தீர்க்கும். "இங்கே நன்றாகத்தானே இருக்கிறான்" என்று ஆசிரியர் சொல்வது இதனால்தான். (எரிச்சலாக வரும்!)

உண்மையான இழப்பு வேறு. பழைய தோழர்கள் பழகிப்போய்க் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார்கள். புது இடத்தில் கேலி முதலிலிருந்து தொடங்கும். எனவே சேரும் முன்பே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள், பிள்ளைக்குச் சம்மதம் என்றால் வகுப்பிலும். டூரெட் என்றதும் பலர் நினைக்கும் கெட்ட வார்த்தை கத்துவது சிலருக்கு மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.